வெளிநாட்டுக் கேரவன் வாங்கலாமா? ஒரு வழியா பாதி முடிவுக்கு வந்திருக்கேன்

கேரவன்னு சொன்னதும் ஷூட்டிங்ல நடிகருங்க உக்காந்திருக்குற வண்டிதான் பாதிப் பேருக்கு ஞாபகம் வரும். நான் சொல்றது என்ஜினே இல்லாம கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறது, உள்ள கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும், போன இடத்துல கழட்டி நிறுத்திட்டு கார எடுத்துக்கிட்டு ஊர் சுத்தலாம். வாங்குறதுன்னு வீட்டுல முடிவாகிடுச்சு. உள்நாட்டுல செஞ்சதா வெளிநாட்டுல செஞ்சதாங்குறதுல தான் மாசக்கணக்கா இழுபறி. "நாலு சுவரு, ரெண்டு சக்கரம், இதுக்குப் போயி இவ்ளோ ஆராய்ச்சியா மாப்ள"ன்னு மச்சான் கிண்டல் பண்றாரு. அவருக்குப் பதில் சொல்ற சாக்குல இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஆசை எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிடுறேன். ஜெர்மன் கேட்டலாக் பாத்ததுல இருந்துதான். ஹாபி, ஃபெண்ட், டெத்லெஃப்ஸ், க்னவுஸ்னு அங்க கம்பெனிங்க வரிசை கட்டி நிக்குது, பக்கத்துல ஸ்லோவேனியால நோவோ மெஸ்டோங்குற ஊர்ல 1965ல இருந்து அட்ரியா செய்றாங்க, ஸ்வீடன்ல 1957ல இருந்து காபே. இதுல டெத்லெஃப்ஸ் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. அரிஸ்ட் டெத்லெஃப்ஸ்ங்குறவரோட குடும்பம் சாட்டையும் பனிச்சறுக்குக் கம்பும் செஞ்சு வித்துட்டு இருந்தவங்க, இவரு வியாபாரத்துக்காக ஊர் ஊரா போவாரு, அவரு கட்டிக்கப் போற பொண்ணு ஓவியர், கூடவே வரணும் வரஞ்சுக்கவும் இடம் வேணும்னதும் 1931ல கார் பின்னாடி இழுக்குற மாதிரி ஒண்ணு கட்டிட்டாரு. ஒரு பொண்ணு கேட்டதுக்காக ஒரு தொழிலே பொறந்துச்சுன்னு வீட்டுல சொன்னேன், "நீங்க எப்ப கட்டப் போறீங்க"ன்னு பதில் வந்துச்சு, அத விடுங்க.

கேட்டலாக்ல என்ன இழுத்துச்சுன்னா உள் அமைப்பு. பின்னாடி பசங்களுக்கு அடுக்குக் கட்டில், முன்னாடி பெரியவங்களுக்கு நிரந்தரமா ஒரு மெத்தை, நடுவுல சாப்பிட ஒரு மேஜை. ராத்திரி ஆனா சோஃபாவப் பிரிச்சு படுக்கை போடுறது, காலைல மறுபடி மடிக்கிறதுங்குற கூத்தே கிடையாது. பிரிட்டிஷ்காரங்க செய்றது வேற மாதிரி இருக்கும், முன்னாடி எதிரெதிரா ரெண்டு நீள சோஃபா, பின்னாடி கடைசில அகலமான பாத்ரூம், கிச்சன்ல ஓவன், கிரில், சிலதுல மைக்ரோவேவ் வரைக்கும். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்ததுல எனக்குப் புரிஞ்சது இதுதான்: கேரவன் செய்றவன் தன் ஊர்க்காரன் எப்படி லீவு கழிப்பானோ அப்படித்தான் செய்றான். ஜெர்மன்காரன் கேம்ப்சைட்டுக்குப் போயி கரண்ட் மாட்டி, வெளில பெரிய கூடாரம் இழுத்துக் கட்டி அதுலயே உக்காந்திருப்பான், குளிக்க கேம்ப்சைட் பாத்ரூம் போவான், அதனால உள்ள சமையல் இடம் சின்னதா மூணு பர்னரோட முடிஞ்சிடுது, ஓவன் பெரும்பாலும் இருக்காது. பிரிட்டிஷ்காரன் வெளில மழைன்னு வெச்சுக்கிட்டே உள்ள உக்காரத் தோதா கட்டுறான். ஆஸ்திரேலியாக்காரன் மண் ரோட்டுக்குன்னு அடில உயரமா, கனமா கட்டுறான். அதனால எந்த நாட்டு வண்டி உசத்திங்குற சண்டைய நான் விட்டுட்டேன், நம்ம லீவு யாரோட லீவு மாதிரி இருக்குன்னு மட்டும்தான் இப்ப பாக்குறேன்.

இந்தக் கண்ணோட சின்னச் சின்ன விஷயத்தப் பாத்தா நிறைய வெளில வரும். உதாரணத்துக்கு பேட்டரி. நிறைய ஜெர்மன் கேரவன்ல ஃபேக்டரில இருந்து வரும்போது உள்ள லைட்டு, பம்புக்குன்னு தனி பேட்டரியே இருக்காது, வெளி கரண்ட் மாட்டினாதான் 12 வோல்ட் லைட்டும் தண்ணி பம்பும் ஓடும், பேட்டரியும் சார்ஜரும் தனிப் பேக்கேஜா காசு குடுத்து வாங்கணும். ஷோரூம்ல கரண்ட் மாட்டி வெச்சிருக்கிறதால எல்லாம் ஜோரா எரியும், நமக்குத் தெரியவே தெரியாது. தண்ணியும் அப்படித்தான், ஐரோப்பாக் கண்டத்துல செய்றதுல தண்ணித் தொட்டி உள்ளயே இருக்கும், பிரிட்டிஷ் வண்டில பெரும்பாலும் வெளில ஒரு உருளைப் பீப்பாய உருட்டிட்டு வந்து வெச்சு அதுல பம்ப இறக்கணும். கேக்க கேவலமா இருந்தாலும் பீப்பாய் முறை எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு, ஏன்னா தண்ணி நிரப்ப வண்டிய நகத்த வேண்டாம், தொட்டி கழுவுற தொல்லையும் இல்ல.

சரி, எல்லாரும் முதல்ல கேக்குற கேள்விக்கு வர்றேன், கதவு. ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டுற நாட்டுல செஞ்ச கேரவனுக்கு கதவு வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் ஓட்டுற நாட்டுக்குக் கொண்டு வந்தா அது டிராஃபிக் பக்கம் திறக்கும். இத வெச்சே வேண்டாம்னு ஒதுக்குறவங்க நிறைய பேரு. எனக்கு இது அவ்ளோ பெரிய விஷயமாத் தெரியல. கேம்ப்சைட்டுல நிறுத்தினா கதவு எந்தப் பக்கம் இருந்தா என்ன, வண்டிய திருப்பி நிறுத்திக்க வேண்டியதுதான். வழில ரோட்டோரம் நிறுத்தி டீ போட உள்ள போறப்ப பசங்க டிராஃபிக் பக்கம் இறங்குவாங்களேன்னு கேட்டா, ஆமா, அது நிஜமான பயம்தான், அதுக்கு ரோட்டோரம் நிறுத்தாம பார்க்கிங்குல நிறுத்துறதுதான் வழி. அட்ரியா மாதிரி சில கம்பெனிங்க பிரிட்டனுக்குன்னே கதவ இடப்பக்கம் மாத்தி செய்றாங்க, அப்படிக் கிடைச்சா பிரச்சனையே இல்ல. கதவ விட பின்னாடி இருக்குற பனி விளக்கு எனக்கு முக்கியமாப் படுது. பின்பக்க சிவப்பு ஃபாக் லைட் ஒண்ணுதான் இருந்தா அது ரோட்டு நடுப்பக்கமா இருக்கணும், வலப்பக்கம் ஓட்டுற நாட்டு வண்டில அது இடது மூலைல இருக்கும், மாத்தலேன்னா பிரிட்டன் மாதிரி நாட்டுல சட்டப்படி தப்பு. யாரும் இதப் பத்திப் பேசுறதே இல்ல.

இப்ப எனக்கு தூக்கம் கெடுத்த சமாச்சாரம், எடை. கேரவனுக்கு ரெண்டு எடை இருக்கு, காலியா ஓடுறதுக்குத் தயாரா இருக்குற எடை ஒண்ணு, சாமானோட சேத்து அதிகபட்சம் அனுமதிச்ச எடை ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குறதுதான் நம்ம துணி, பாத்திரம், நாற்காலி, கூடாரம், சைக்கிள் எல்லாத்துக்கும். இந்த நடு இடம் சில வண்டில பரிதாபமா இருக்கு. அதுலயும் ஐரோப்பிய கேட்டலாக்ல அடில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும், போட்டிருக்குற காலி எடைல 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அது சட்டப்படி சரின்னு. 1300 கிலோன்னு போட்ட வண்டி 1365 கிலோ இருந்தாலும் நாம ஒண்ணும் கேக்க முடியாது. அந்த 65 கிலோ யாரு கணக்குல போகும்? நம்ம சாமான் கணக்குலதான். அப்புறம் ஏசி, வண்டிய நகத்துற மோட்டார், பேட்டரி, சைக்கிள் ஸ்டாண்டுன்னு டீலர் மாட்டுற ஒவ்வொண்ணும் அதுலயே கழியும். நிறைய மாடல்ல அதே சேசிஸ்ல அனுமதி எடைய ஏத்தி வாங்குற ஆப்ஷன் இருக்கு, ஆனா டீலர் ஸ்டாக்ல நிக்குற வண்டிய கம்மி எடைக்கு ஆர்டர் பண்ணியிருப்பாரு, ஏன்னா சின்ன கார் வெச்சிருக்குறவங்களுக்கும் விக்கணும்ல. அதனால கேட்டலாக்க மூடி வெச்சிட்டு வண்டில ஒட்டியிருக்குற பிளேட்டப் படிக்கணும், முடிஞ்சா வேபிரிட்ஜ்ல, அதாவது வண்டியோட எடை போடுற மேடைல, ஏத்திப் பாக்கணும்.

இதோட நோஸ்வெயிட்டையும் பாக்கணும், அதாவது கேரவனோட மூக்கு காரோட கொக்கி மேல அழுத்துற எடை. ஐரோப்பால கார் கம்பெனி பொதுவா 75ல இருந்து 100 கிலோ வரைதான் இதுக்கு அனுமதிக்கிறாங்க, அதுக்கேத்த மாதிரி கேரவனும் சக்கரத்த நடுவாக்குல வெச்சுக் கட்டியிருப்பாங்க. அமெரிக்கால கதையே வேற, மொத்த எடைல 10ல இருந்து 15 சதவீதம் மூக்குல இருக்கணும்னு சொல்றாங்க. 1500 கிலோ வண்டிக்கு பத்து சதவீதம்னாலே 150 கிலோ, சாதாரணக் காரோட கொக்கி தாங்கவே தாங்காது, சரி மூக்கக் குறைச்சுக்கலாம்னு சாமான பின்னாடி தள்ளினா வேகத்துல வண்டி பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சிடும். ஒஹாயோல ஜாக்சன் சென்டர்ல செய்ற அந்த வெள்ளி நிற ஏர்ஸ்ட்ரீம் கேரவனப் பாத்து நானும் மயங்கினவன்தான், ஆனா அமெரிக்க வண்டிய அமெரிக்காவுக்கு வெளில வாங்குறது எனக்கு சரிப்படாதுன்னு இந்த ஒரு கணக்குலயே முடிவு பண்ணிட்டேன்.

முடிவு பண்ணின பிறகும் காரணம் சேந்துகிட்டே போச்சு. அங்க கரண்ட் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் இருக்குற நாட்டுல அப்படியே மாட்டினா உள்ள இருக்குற ஏசி, மைக்ரோவேவ் எல்லாம் பொசுங்கிடும், டிரான்ஸ்ஃபார்மர் வெக்கணும் இல்ல ஒயரிங்கையே பிரிச்சு மாத்தணும். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் நிறைய வண்டில ஒரே சிவப்பு விளக்கு, மத்த நாடுகள்ல பெரும்பாலும் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்துல இருந்தே ஆகணும். கொக்கி உருண்டை அங்க 2 இன்ச், அதாவது 50.8 மில்லி மீட்டர், ஐரோப்பால 50, பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா ஒண்ணுக்கு செஞ்சது இன்னொண்ணுல மாட்டக் கூடாது. பிரேக்கும் அப்படி, அமெரிக்கால எலக்ட்ரிக் பிரேக், கார்ல ஒரு கண்ட்ரோலர் வெச்சு இயக்கணும். ஐரோப்பிய வண்டில கார் மெதுவானதும் கேரவன் பின்னால இருந்து தள்ளுற விசைலயே பிரேக் பிடிக்கும், கார்ல தனியா ஒண்ணும் வேண்டாம். இதுவும் எல்லா இடத்துலயும் செல்லும்னு நினைச்சுடாதீங்க, ஆஸ்திரேலியால 2000 கிலோவுக்கு மேல போனா எல்லா சக்கரத்துக்கும் பிரேக் இருக்கணும், ஓட்டுறவர் சீட்டுல இருந்தே அத இயக்க முடியணும், அந்த எடைல இந்தத் தள்ளு பிரேக் செல்லாது.

கேஸ் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். இப்போதைய ஐரோப்பிய வண்டிங்க எல்லாம் 30 மில்லிபார் அழுத்தத்துக்கு செஞ்சது, பழைய ஜெர்மன் வண்டிங்க 50 மில்லிபார். அடுப்பு, ஹீட்டர் மேல ஒட்டியிருக்குற லேபிள்ல எழுதியிருக்கும், அதுவும் ரெகுலேட்டரும் ஒத்துப் போகணும், மாறிப் போனா விளையாட்டு இல்ல. சிலிண்டர் வாய் நாட்டுக்கு நாடு மாறும், அடாப்டர் கிடைக்கும். குளிருல போறவங்க புரொப்பேன்தான் வாங்கணும், பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி கிட்ட வந்தாலே ஆவியாகாம சண்டித்தனம் பண்ணும்.

குளிருன்னதும் ஞாபகம் வருது, இன்சுலேஷன், அதாவது வெளிக் குளிர் உள்ள வராமத் தடுக்குற காப்பு. ஐரோப்பியத் தரத்துல மூணு கிரேடு இருக்கு, மூணாவது கிரேடுன்னா வெளில மைனஸ் 15 டிகிரி இருந்தாலும் நாலு மணி நேரத்துல உள்ள 20 டிகிரிக்குக் கொண்டு வர முடியணும். காபே மாதிரி ஸ்வீடன் வண்டிங்க ரேடியேட்டர்ல சூடான திரவம் ஓடுற மாதிரி வீட்டு ஹீட்டிங்கே வெச்சிருப்பாங்க, பனில கேம்பிங் போறவங்களுக்கு அது சொர்க்கம். ஆனா வெயில் ஊர்க்காரங்க இந்தக் கிரேடப் பாத்து ஏமாறக் கூடாது, அது குளிருக்கு வெச்ச பரிட்சை. வெயிலுக்குப் பாக்க வேண்டியது ஃப்ரிட்ஜ். கேரவன்ல பெரும்பாலும் கேஸ், 12 வோல்ட், மெயின் கரண்ட் மூணுலயும் ஓடுற அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ்தான் இருக்கும், வண்டி மட்டமா நிக்கலேன்னா குளிராது, சூடு ஏறினா திணறும். அதோட லேபிள்ல கிளைமேட் கிளாஸ் போட்டிருக்கும், N கிளாஸ்னா சுத்தி இருக்குற சூடு 32 டிகிரி வரைக்கும் தாங்கும், ST 38, T 43. குளிர் நாட்டு மார்க்கெட்டுக்கு செஞ்ச வண்டில எது இருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டுதான் மத்த பேச்சு. மண் ரோட்டுல போற ஆளா இருந்தா இன்னொண்ணும் இருக்கு, கேஸ் கசிஞ்சா வெளியேறணும்னு ஐரோப்பிய வண்டில தரைல ஓட்டை விட்டிருப்பாங்க, அத அடைக்கவும் கூடாது, அது வழியா புழுதி உள்ள வர்றதத் தடுக்கவும் முடியாது. தார் ரோட்டுக்குன்னு கட்டின மெல்லிசு பிளைவுட் அலமாரி ஸ்க்ரூவும் குலுங்கிக் குலுங்கியே கழண்டுடும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதுன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு, விசாரிச்சதுல அது பாதிதான் உண்மை. எந்த நாட்டுல செஞ்சாலும் ஐரோப்பிய கேரவன்ல பாதிச் சாமான் ஒரே இடத்துல இருந்து வர்றதுதான். சேசிஸ் பெரும்பாலும் ஆல்-கோ இல்லேன்னா பிபிடபிள்யூ, ஹீட்டர் பெரும்பாலும் ட்ரூமா, டாய்லெட் தெட்ஃபோர்டு, ஃப்ரிட்ஜ் டொமெட்டிக் இல்ல தெட்ஃபோர்டு. ஸ்லோவேனியால செஞ்சதுக்கும் இங்கிலாந்துல செஞ்சதுக்கும் அதே பிரேக் ஷூதான். கிடைக்காம அல்லாட விடுறது உடம்புப் பாகங்க: ஜன்னல், முன் மூக்குல இருக்குற பிளாஸ்டிக், லாக்கர் கதவு, பின் விளக்குப் பலகை. ஒரு மரக்கிளை உரசி ஜன்னல் உடஞ்சா அந்த மாடலுக்குன்னே அளவெடுத்து செஞ்ச அக்ரிலிக் ஜன்னல் ஃபேக்டரில இருந்து வரணும், சீசன் நடுவுல அட்டையும் டேப்பும் ஒட்டிட்டுத்தான் சுத்தணும். அதனால டீலர்கிட்ட "சர்வீஸ் இருக்கா"ன்னு பொதுவாக் கேக்காம, "இந்த மாடலுக்கு முன் ஜன்னல் கேட்டா எத்தன வாரம், கடைசியா யாருக்கு வரவழைச்சு குடுத்தீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு இடத்துல இதக் கேட்டப்ப அந்த ஆளு முகம் மாறுனத வெச்சே நான் கிளம்பிட்டேன். தண்ணிக் கசிவு வாரண்டியும் இதோட சேந்ததுதான், வருஷா வருஷம் அங்கீகாரம் பெத்த வொர்க்‌ஷாப்ல ஈரம் சோதிச்சு முத்திரை வாங்கினாதான் அது செல்லும்னு பெரும்பாலான கம்பெனிங்க எழுதி வெச்சிருக்காங்க. பக்கத்துல அந்த வொர்க்‌ஷாப் இல்லேன்னா வாரண்டி வெறும் காகிதம்.

அடுத்து, வெளிநாட்டுல போயி செகண்ட் ஹேண்ட் வாங்கி நாமளே கொண்டு வந்தா மலிவாச்சேன்னு ஒரு ஐடியா, நண்பர் ஒருத்தர் இத ரொம்பத் தூண்டினாரு. பேப்பர் வேலையப் பாத்ததும் எனக்கு விட்டுப்போச்சு. ஜெர்மனில கேரவனுக்குத் தனி நம்பர் பிளேட், தனி ஆர்சி, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க தகுதிச் சோதனை, கேஸ் லைனுக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க சோதனை போட்டு ஒரு புத்தகத்துல எழுதித் தருவாங்க, அங்க இருந்து வாங்கினா வண்டியோட ஜாதகமே கைல இருக்கும். பிரிட்டன்ல கேரவனுக்கு அரசாங்கப் பதிவே கிடையாது, இழுக்குற காரோட நம்பரத்தான் பின்னாடி மாட்டுவாங்க, 1992ல இருந்து கிரிஸ்னு தொழில்துறையே நடத்துற ஒரு பதிவு உண்டு, அவ்ளோதான். அந்த மாதிரி வண்டிய ஆர்சி கேக்குற நாட்டுக்குக் கொண்டு போனா தயாரிப்பாளர்கிட்ட இருந்து தரச் சான்று வாங்கணும், இல்லேன்னா தனி வண்டியா சோதனைக்கு விடணும். ஆஸ்திரேலியா மாதிரி நாட்டுக்குன்னா கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடியே இறக்குமதி அனுமதி கைல இருக்கணும், இல்லேன்னா துறைமுகத்துலயே மாட்டிக்கும். இதுல வரி, கப்பல் கூலி, விளக்கு மாத்துறது, பிளக் பாயிண்ட் மாத்துறது, திருப்பி விக்கும்போது "இதுக்கு யாரு சர்வீஸ் பண்ணுவா"ன்னு வாங்க வர்றவன் விலையக் குறைக்கிறது எல்லாத்தையும் கூட்டினா மலிவுங்குற பேச்சு எங்க போச்சுன்னே தெரியல.

அப்படியும் பழசு பாக்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், எந்த நாட்டு வண்டியானாலும் முதல் எதிரி ஈரம். ஈர மீட்டர் வெச்சு மூலைங்க, ஜன்னலுக்குக் கீழ, கூரை சேர்ற இடமெல்லாம் பாருங்க, 15 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நிம்மதி, 20 தாண்டினா உள்ள மரம் ஊற ஆரம்பிச்சிருக்கும். டயர் பக்கத்துல கடைசி நாலு எண்ணு எந்த வாரம் எந்த வருஷம்னு சொல்லும், கேரவன் டயர் ஓடித் தேயாது, நின்னு நின்னே கெட்டுப் போகும். ஜெர்மனில மணிக்கு 100 கிலோ மீட்டர்ல இழுக்க அனுமதி வேணும்னா டயருக்கு ஆறு வயசு தாண்டியிருக்கக் கூடாது, அந்தக் கணக்கையே எல்லா இடத்துக்கும் வெச்சுக்கலாம்.

இப்ப நான் நிக்கிற இடம் இதுதான். அமெரிக்க வண்டி கிடையாது, நாமளே போயி இழுத்துட்டு வர்ற வேலையும் கிடையாது. நம்ம நாட்டுல ஆத்தரைஸ்டு டீலர் வெச்சு, நம்ம ரோட்டுப் பக்கத்துக்கும் நம்ம விதிக்கும் ஏத்த மாதிரி கம்பெனியே மாத்திக் குடுக்குற ஐரோப்பிய வண்டின்னா எனக்கு சம்மதம், உள்நாட்டு வண்டிய விட அதத்தான் எடுப்பேன், காரணம் அந்த அடுக்குக் கட்டில் மட்டும்தான்னு சொன்னாலும் பரவால்ல. வீட்டுல ஓவன் இல்லாத கிச்சனுக்கு இன்னும் கையெழுத்து விழல, அந்தப் பேச்சுவார்த்தை தனியா ஓடிட்டு இருக்கு. டீலர்கிட்ட ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கேன், ஸ்டாக்ல நிக்குற அதே வண்டிய, ஆப்ஷன் எல்லாம் மாட்டின பிறகு, வேபிரிட்ஜ்ல ஏத்தி சீட்டக் குடுங்கன்னு. "கேட்டலாக்லயே இருக்கே சார்"னாரு. அந்த 5 சதவீத வரியக் காட்டினேன், கேட்டுச் சொல்றேன்னிருக்காரு. அட்வான்ஸ் அதுக்கப்புறம்தான்.